எதிர்க்கடை ஏணி

ஏணி வாங்க வருகிறவர்கள் யாரும் கடையில் ஏறிப் பார்ப்பதில்லை, மேடம். நாலு பேர் பார்க்க ஏறுவதற்குக் கூச்சம். தர்பூசணி வாங்குகிற மாதிரி விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார்கள். சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். அந்தச் சத்தத்தில் என்ன தெரிந்தது என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. அப்புறம் வீட்டுக்குக் கொண்டுபோய், முதல் தடவையாக அதன்மேல் உயிரை வைப்பார்கள்.

அவர்களுக்குப் பதிலாக நான் ஏறினேன். என் கதை அவ்வளவுதான்.

முன்பக்கம் கடை, பின்பக்கம் பட்டறை. நானே ஏணி செய்து நானே விற்கிறவன். மற்ற கம்பெனி ஏணிகளைக் காசு கொடுத்து வாங்கி வந்து, கடைவாசலில் விரித்து, ஏறி நின்று ஆட்டிக் காட்டுவேன். என் மனைவி போனில் படம் பிடித்து நெட்டில் போடுவாள். "இந்தப் படி வழுக்குது. இங்க பாருங்க, ரிவெட்டு பல்லிளிக்குது. இதுல ஏறணும்னா முதல்ல வீட்டுல சொல்லிட்டு ஏறுங்க." இப்படித்தான் பேசுவேன். ஒரு வார்த்தை பொய் சொன்னதில்லை. ஜனங்களுக்குப் பிடித்துப்போயிற்று. விசேஷ வீடுகளில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் விட்டுவிட்டு என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதில் எனக்கும் சந்தோஷந்தான், மறைப்பானேன்.

நீங்கள் லாக்கப்பில் வைத்திருக்கிறீர்களே, அவர் என் தங்கையின் கணவர். என் பட்டறையில்தான் தொழில் படித்தார். அருமையான கை. சண்டை எதுவும் இல்லாமல் பிரிந்துபோய் என் கடைக்கு நேர் எதிரே கடை போட்டார். கல்லாவில் என் தங்கை உட்காருவாள். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அங்கிருந்து கை காட்டுவாள், நானும் காட்டுவேன். அவர் ஒரு மடக்கு ஏணி கண்டுபிடித்திருந்தார். மடக்கினால் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்தில் சொருகிவிடலாம். விரித்தால் இடுப்பில் ஒரு பூட்டு 'டிக்' என்று விழும். அவ்வளவுதான், ஏறலாம்.

என் வீடியோக்களால் வியாபாரம் அடிபட்டவர்கள் ஏணி வியாபாரிகள் சங்கத்தில் புகார் கொடுத்தார்கள். கூட்டம் போட்டார்கள். தன் சரக்கை விற்கிறவன் அடுத்தவன் சரக்குக்கு மார்க் போடலாமா என்பதுதான் கேள்வி. ஆளாளுக்குக் கத்தினார்கள். அதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. கடைசியில் என் தங்கை மாப்பிள்ளை எழுந்தார். அவர் கத்தவில்லை.

"மச்சான் பொய் சொல்றாருன்னு நான் சொல்லல. அவர் சொன்னதெல்லாம் நிஜந்தான். ஆனா அவரும் ஏணி விக்கிறவரு. கூட உக்காந்து பரீட்சை எழுதுற பையனே மத்தவங்க பேப்பரைத் திருத்தினா, சரியாவே திருத்தினாலும் யாரு நம்புவா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தது வாய் மட்டும்தான்.

"அப்ப குறையை யாரு சொல்றது? விழுந்தவன் வந்து சொல்லணுமா?" என்று கேட்டேன்.

"சம்பந்தமில்லாதவங்க சொல்லட்டும் மச்சான்."

"சம்பந்தமில்லாதவனுக்கு ஏணியைப் பத்தி என்ன தெரியும்?"

அந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை, மேடம். பதில் சொல்லாமலே தீர்மானம் போட்டார்கள். சங்கத்தில் உள்ள எவரும் இன்னொருவர் சரக்கின் குறையைப் பொதுவில் பேசக் கூடாது. முதலில் கை தூக்கியவன் நான்தான். வீட்டுக்கு நடந்து வரும்போது பாதி வழியில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என் மனைவி, "என்னங்க, தோத்துட்டு வந்து சிரிக்கிறீங்க?" என்றாள். குறை சொல்லக் கூடாது என்றுதானே தீர்மானம். புகழக் கூடாது என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே என்றேன். அந்த நேரத்தில் என் மனதில் கள்ளம் எதுவும் இல்லை. சும்மா ஒரு குறும்பு, அவ்வளவுதான்.

மறுநாளே எதிர்க்கடையில் போய் மடக்கு ஏணி ஒன்று வாங்கினேன். என் தங்கையே கட்டிக் கொடுத்தாள். "அண்ணா, கொஞ்சம் பாத்துப் பேசு" என்றாள். "குறையே சொல்ல மாட்டேன்மா" என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை நான் மீறவே இல்லை, கவனித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஏணி என்னைப் பிடித்துக்கொண்டது. பட்டறையில் ரேடியோவைப் போட்டுவிட்டு, பாட்டுக்கு ஏற்றாற்போல் விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தேன். டிக், டிக் என்று அந்தப் பூட்டு போடுகிற தாளம் இருக்கிறதே, என்னைப் போல ஒருவனுக்குச் சாப்பாடே வேண்டாம். நாள் முழுக்க, நாள் கணக்காக, பொம்மை கிடைத்த குழந்தை மாதிரி. ஒருநாள் 'டிக்' என்று கேட்டது. உச்சிப் படியில் ஏறினேன். ஏணி எனக்குக் கீழே அப்படியே சரிந்து காணாமல் போயிற்று. ஒரு கணம் நான் எதன்மேலும் இல்லை. கை எப்படியோ பரணைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் மெதுவாகத் தரையில் இறங்கி உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். என் மனைவி ஓடி வந்தாள்.

"என்னங்க, அடி பட்டுச்சா?"

"இல்ல. அருமையான ஏணி."

விஷயம் சின்னது. பூட்டுக்குள் ஒரு நாக்கு இருக்கிறது. விரிக்க விரிக்க அது தேய்கிறது. தேய்ந்த பிறகும் சத்தம் வரும், ஆனால் முழுக்க உட்காராது. புது ஏணியில் ஒன்றும் தெரியாது. புழங்கின ஏணி என்றைக்காவது ஒருநாள் கைவிடும். கீழே ஒரு கொக்கி மாட்டினால் தீர்ந்தது. தெருவைத் தாண்டிப் போய்ச் சொல்ல வேண்டியதுதான். செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். வாசலுக்கு வந்து பார்த்தால், மாப்பிள்ளை ஒரு வாடிக்கையாளரிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பேப்பர் திருத்துகிற மாதிரி ஒரு சைகை. இரண்டு பேரும் சிரித்தார்கள். பில் போடுவதைப் பற்றித்தான் பேசினார்களோ என்னவோ. நான் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

புதிதாக இன்னொரு ஏணி வாங்கி வந்து வீடியோ எடுத்தேன். அதன் உச்சியில் நின்று ஆடினேன், மேடம். இந்த வயதில், இந்தத் தொந்தியோடு. "இதைவிட நல்ல ஏணியை நான் செஞ்சதில்ல. எதிர்க்கடைக்காரர் ஜெயிச்சிட்டாரு. என் கடைக்கு வராதீங்க, அங்க போங்க" என்றேன். என் மனைவி சிரித்த சிரிப்பில் படம் பூராவும் குலுங்கியிருக்கும். அதுதான் என் வீடியோக்களிலேயே அதிகம் பேர் பார்த்தது. போட்டியாளனைப் புகழ்கிற ஒரு மனிதனை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. என் தங்கை வண்டிகள் ஹாரன் அடிக்க அடிக்கத் தெருவின் குறுக்கே ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாப்பிள்ளை பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்குக் கூட்டத்துல நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது மச்சான்."

"அட, விடுங்க மாப்ள. குடும்பத்துக்குள்ள என்ன."

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் கால் தரையில் பாவமாட்டேன் என்கிறது. எதிர்க்கடையில் வரிசை நின்றது. போட்டியாளனையே புகழ்கிறவன் யோக்கியனாகத்தான் இருப்பான் என்று என் கடைக்கும் ஆள் வந்தது. சங்கத்தில் என்னைத் துணைத் தலைவராக்கினார்கள். "உங்க முகத்துல இப்படி ஒரு களையை நான் பாத்ததே இல்லைங்க" என்றாள் என் மனைவி. குறை சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் பாதிப் பேர் என்னை வெறுத்தார்கள். புகழத் தொடங்கியதும் எல்லாருக்கும் வேண்டியவனாகிவிட்டேன். வாரம் தவறாமல் புகழ்ந்தேன். ஏணிமேல் உட்கார்ந்து டீ குடித்துப் புகழ்ந்தேன், குடை பிடித்துக்கொண்டு புகழ்ந்தேன். எதிர்க்கடையிலிருந்து ஒவ்வொரு ஏணியும் வண்டியில் ஏறும்போது வாசலில் நின்று கையசைத்து வழியனுப்புவேன். வாங்கிப் போகிறவர்களும் திரும்பிக் கையசைப்பார்கள். ஒரு ஜோக்கின் முடிவு தனக்கு மட்டும் தெரிந்திருக்கும்போது, கேட்கிறவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்போமே, அப்படி ஓர் இன்பம்.

ஒருநாள் சாயங்காலம் கடை கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளை என் பட்டறைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

"மச்சான், இப்ப போன் இல்ல, படம் இல்ல. நீங்களும் நானுந்தான். உங்க கண்ணுக்கு அதுல ஒரு குறைகூடவா படல?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"பூட்டு மேல ஒரு சின்ன சந்தேகம். நாளாக நாளாக நாக்கு தேயுமோன்னு. கீழ ஒரு கொக்கி வச்சிரலாமான்னு பாக்குறேன். நீங்க சொன்னா வித்ததையெல்லாம்கூட திரும்ப வாங்கி மாட்டிக் கொடுத்துருவேன். உங்களை விட்டா நான் யாரைக் கேப்பேன்?"

நான் விழுந்த அந்த ஏணி அவர் முதுகுக்குப் பின்னால், ஒரு தார்ப்பாய்க்கு அடியில்தான் இருந்தது. அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டும்.

"கொக்கி வச்சா மடக்குறப்ப கை மாட்டும் மாப்ள. அந்தப் பூட்டுதான் அதோட அழகே. கெடுத்துராதீங்க" என்றேன்.

அவர் மூச்சு விட்ட விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "உங்க வாயால கேட்டாப் போதும்" என்று சொல்லி, நான் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுச் சீட்டியடித்துக்கொண்டே போனார்.

அப்புறம் ஒவ்வொருவராக விழ ஆரம்பித்தார்கள். கை பிசகியது, கணுக்கால் முறிந்தது என்று என் வீடியோவின் கீழேயே எழுதினார்கள். 'தப்பு என்னுதுதான், சரியா விரிக்கல போல' என்று அவர்களே முடித்துக்கொண்டார்கள். ஜனங்கள் ரொம்ப நல்லவர்கள்.

பெயின்டர் ஒருவர் அடுக்குமாடிக் கட்டடத்தில் மாடிப்படி வளைவுக்கு மேலே கூரைக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். ஏணி மடங்கி, படிக்கட்டு வழியாக அடுத்த தளம்வரை உருண்டிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் உயிர் போய்விட்டது. அந்த விவரமெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதது, அவருடைய மனைவி உங்களிடம் வருவதற்கு முன்னால் என்னிடம் வந்தார் என்பது. கடையில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

"அவரு உங்க வீடியோ ஒண்ணு விடமாட்டாருங்க. எதிராளியைப் புகழ ஒரு மனசு வேணும்னு சொல்வாரு. நீங்க சொன்னீங்கன்னுதான் அதை வாங்கினாரு. கடைசியில உங்களையும் ஏமாத்திட்டாங்களேய்யா."

எனக்கு உதடு துடித்தது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டேன். தோள் குலுங்கியது. நான் அழுகிறேன் என்று நினைத்து அந்த அம்மா என் தோளைத் தட்டிக் கொடுத்தார். "நீங்க மனசுல வச்சுக்காதீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்" என்றார். அவர் போன பிறகும் எனக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

நீங்கள் மாப்பிள்ளையைக் கூட்டிப் போனீர்கள். எதிர்க்கடை ஷட்டரில் சீல் விழுந்தது. என் தங்கை இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். தட்டில் போட்டது போட்டபடி இருக்கிறது. நேற்று முன்தினம் என்னைக் கேட்டாள். "அண்ணா, ஏணின்னா உனக்குத் தெரியாதது உண்டா? அந்தப் பூட்டு உனக்குத் தெரியாமயா இருந்துச்சு?"

"தெரியலைம்மா" என்றேன். இந்த விவகாரம் முழுவதிலும் எனக்குக் கஷ்டமாக இருந்தது அந்த ஒரு வார்த்தைதான். தொழிலுக்கு வந்த நாள்முதல் சரக்கைப் பற்றி நான் சொன்ன முதல் பொய். மாப்பிள்ளையிடம் சொன்னதை இதில் சேர்க்காதீர்கள். அந்தப் பூட்டு உண்மையிலேயே அழகானது.

தாங்கிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் நேற்று டிவியில் ஒரு இன்ஜினியரை உட்கார வைத்துப் பேசவிட்டார்கள். பூட்டின் படத்தைப் பெரிதாகப் போட்டு, நாக்கு தேய்வதைக் குச்சியால் தொட்டுக் காட்டினார். சரியாகத்தான் சொன்னார், ஒன்றிரண்டு இடம் தவிர. அப்புறம் சொன்னார்: "இதைப் படிச்சவங்கதான் கண்டுபிடிக்க முடியும். அந்த வீடியோக்காரர் பாவம், ஆர்வக்கோளாறுல ஏறி ஆடியிருக்காரு. அவருக்கு இதெல்லாம் தெரிய வாய்ப்பே இல்ல." என்னோடு படம் எடுத்துக்கொண்டவர்கள் எல்லாரும் கீழே எழுதியிருக்கிறார்கள். அப்பாவியாம். ஏமாளியாம். ஏணி விற்கிறவனுக்கு ஏணி தெரியவில்லையாம்.

அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே வந்தேன். அந்த இன்ஜினியருக்கு முன்னால், செய்தவருக்கே முன்னால், எனக்குத்தான் அது தெரியும். தேயும் என்று தெரியும், விழுவார்கள் என்று தெரியும், யாராவது ஒருவர் எழுந்திருக்க மாட்டார் என்பதும் தெரியும். கொக்கி வேண்டாம் என்று சொன்னவன் நான். மாப்பிள்ளையை விட்டுவிடுங்கள், அவருக்கு நிஜமாகவே தெரியாது. பெயின்டரைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதியதை இப்போது படித்துக் காட்டினீர்கள் அல்லவா, எல்லாம் நன்றாகத்தான் வந்திருக்கிறது. நடுவில் ஒரு இடத்தில் மட்டும், 'பொருளின் குறையை இவர் முதலில் கவனிக்கத் தவறினார்' என்று ஒரு வரி வருகிறது. அதை அடித்துவிடுங்கள், மேடம். அப்படி எழுதினால் என் பேர் கெட்டுவிடும்.