பாலில பிழையில்லை

பாலில பிழையில்லை, தம்பி. முதல் அதை எழுதுங்கோ. நீங்கள் சுகாதாரப் பரிசோதகர், உங்கட வேலை எனக்கு விளங்குது. கிணத்துத் தண்ணியைப் போத்தலில அடைச்சுக் கொண்டுபோனீங்கள், பாயாசத்துக்குச் சவ்வரிசி வித்த கடையைக் கிண்டிப் பாத்தீங்கள், இப்ப பால்காரக் குகதாசனை மறிச்சு வச்சு மாட்டுக்கு என்ன வருத்தமெண்டு கேக்கிறீங்கள். எங்கட உடையார்கட்டு ஊரிலயே தண்ணி குறைஞ்ச பால் அவன்ர பால்தான். நான் ஆறுதலாச் சொல்லுறன், நீங்களும் ஆறுதலா எழுதுங்கோ.

என்னைப் பற்றி விசாரிச்சிருப்பீங்கள். எங்கட ஒழுங்கை முழுக்க ஏழரை மணி நாடகத்துக்கு இந்தச் சிவனேஸ்வரி வீட்டுக்குத்தான் வரும். என்ர ரீவி பெரிசெண்டு இல்லை. நாடகத்தில ஒருத்தி கதவடியில நிண்டு சிரிச்சால், ஏன் சிரிச்சவள் எண்டு ஆரும் சொல்லவேணும். நான் சொல்லுவன். மூத்த மருமகளின்ர பிள்ளையை ஆசுபத்திரியில மாத்தினது ஆரெண்டு முதல் கண்டது நான். வாதம் வந்து கட்டிலில கிடந்த பெரியப்பா நடிக்கிறார் எண்டு சொன்னதும் நான். எல்லாரும் சிரிச்சவை, பிறகு ஒருநாள் அந்தாள் எழும்பி நடந்தது. பெரிய வித்தையில்லை, தம்பி. முகத்தைப் பாக்கக் கூடாது. முகத்துக்குத்தானே அவைக்குச் சம்பளம். கையைப் பாக்கவேணும்.

நாடகம் பாக்கேக்க எனக்குப் பக்கத்தில பாயில இருக்கிறது தனுஷா. அடுத்த வீட்டுப் பரமேஸ்வரன், ராஜினியின்ர ஒரே பிள்ளை, முன்பள்ளி ரீச்சர். விளம்பரம் போகேக்க என்ர தோளில சாய்ஞ்சுகொண்டு, "மாமி, அவள் ஏன் அப்பிடிச் செய்தவள்?" எண்டு கேப்பாள். மற்றவைக்கு ஆர் செய்தது எண்டு தெரிஞ்சால் காணும். அவளுக்குக் காரணம் வேணும். அப்பிடி ஒரு பிள்ளை கிடைக்கிறது அருமை.

அவளுக்கு வவுனியாவில மாப்பிள்ளை பேசிச்சினம். கிருசாந்தன் எண்டு பேர், மோட்டச்சைக்கிள் திருத்திற கடை வச்சிருக்கிறான். பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு நானும் நிண்டனான். நல்ல உயரம், நல்ல கதை. ஆனால் நான் கையைத்தானே பாக்கிறது. தேத்தண்ணி குடிச்சு முடிஞ்சதும் தன்ர கோப்பையைத் தானே குசினிக்குக் கொண்டுவந்து கழுவிக் கவிட்டு வச்சான். கேளுங்கோ, பொம்பிளை பாக்க வந்த வீட்டில எந்த ஆம்பிளை கோப்பை கழுவுறவன்? தடயத்தை அழிக்கிறவன்தான் கழுவுவான்.

ராஜினியிட்டச் சொன்னன். அவள் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சாள்.

"அக்கா, அது நாடகம். இது மனுசர். அந்தப் பிள்ளையை அதின்ர தாய் நல்லா வளத்திருக்கிறா, அவ்வளவுதான்."

நல்லா வளத்தவ எண்டு வில்லனுக்கும் சொல்லுறவை. நான் அதைச் சொல்லேல்ல. வாயால சொல்லிப் பிரயோசனமில்லை, சோதிச்சுத்தான் காட்டவேணும் எண்டு விளங்கீட்டுது.

நிச்சயதார்த்தத்துக்குப் பாயாசம் காய்ச்சுற பொறுப்பை என்னட்டத்தான் தந்தவை. என்ர மனுசன் உயிரோட இருக்கேக்க அவருக்கு மலச்சிக்கலுக்குக் குடுத்த பேதிக் குளிசை ஒரு போத்தல் அலுமாரிக்குள்ள கிடந்தது. அதை ஏலக்காயோட சேத்து இடிச்சுப் போட்டனான். முழுப் போத்தலும்தான். பெரிய கிடாரமெல்லோ, கொஞ்சம் போட்டால் தெரியாது.

நீங்கள் அப்பிடிப் பாக்கவேண்டாம். யோசிச்சுத்தான் செய்தனான். மனசில கள்ளம் இருக்கிறவன் பிறத்தியார் வீட்டில வாய் வைக்கத் தயங்குவான். குடிச்சு வயித்தால போனால் அவன் நல்லவன். போகாட்டில் அவனில ஏதோ இருக்கு. நல்லவைக்கு ஒருநாள் வயித்தால போறதால என்ன குறைஞ்சு போகப்போகுது? தனுஷாவுக்கு மட்டும் குளிசை போட முதலே ஒரு கோப்பை எடுத்து வச்சிட்டன். எனக்கு அண்டைக்கு விரதம்.

கிருசாந்தன் கோப்பையை வாங்கினான். வாய்க்குக் கிட்டக் கொண்டு போனவன், பக்கத்தில இருந்த தகப்பன் வீரகத்தியரைப் பாத்தான். மனுசன் தன்ர கோப்பையை முடிச்சிட்டு விரலால வழிச்சுக்கொண்டிருந்தது. "அப்பா, இதையும் குடியுங்கோ," எண்டு குடுத்திட்டான். எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. நாடகம் எழுதுறவைக்குக்கூட இப்பிடி ஒரு கட்டம் வராது.

வீரகத்தியருக்குச் சிறுநீரகத்தில வருத்தம் எண்டு எனக்குத் தெரியும். கிருசாந்தன்ர தாய் குசினிக்குள்ள வந்து உப்புக் குறைக்கச் சொல்லேக்க சொன்னவ. நான் கையை நீட்டி மறிச்சிருக்கலாம். மறிச்சால் சோதினை கெட்டுப்போகும்.

மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு மாப்பிள்ளை வீட்டாற்ற வான் வெளிக்கிட்டுது. பின்னேரம் இங்க துவங்கிச்சு. பரமேஸ்வரன் வீட்டில ஒரு கக்கூஸ், வாசலில சொந்தக்காரர் முழுப்பேரும் வரிசை. பரமேஸ்வரன் மானம் பாக்காமல் பட்டு வேட்டியோட வாழைத்தோட்டத்துக்குள்ள ஓடினவர். வானில போனவையின்ர பாடு அதைவிட மோசம். எல்லா வாகனமும் முறிகண்டியில பிள்ளையாரைக் கும்பிட நிக்கும். இவையின்ர வான் முறிகண்டிக்கு முதலும் நிண்டது, பிறகும் நிண்டது. வவுனியாவுக்குக் கிட்டப் போகேக்க வீரகத்தியர் மயங்கீட்டார். வானை நேர ஆசுபத்திரிக்குத்தான் விட்டவை. மனுசனுக்குச் சேலைன் ஏத்தி, இரத்தமும் சுத்திகரிச்சு, ஒரு கிழமையாக் கிடக்கு.

அண்டைக்கு வவுனியாவில இருந்து போன் வந்து, ராஜினி சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்க நான் ஒரு கேள்விதான் கேட்டனான்: "எல்லாருக்கும் வந்தது மாப்பிள்ளைக்கு மட்டும் ஏன் வரேல்ல?" பொய்யே சொல்லேல்ல, தம்பி. பரமேஸ்வரன் கலியாணத்தை நிப்பாட்டினது தன்ர முடிவு.

கிருசாந்தன் ஆசுபத்திரியில இருந்து நேர வந்து படலையடியில நிண்டான். "மாமா, என்ர அப்பாவுக்கு நானே செய்வனோ?" எண்டு கேட்டான். பரமேஸ்வரன் படலை திறக்கேல்ல. அண்டைக்குத் தனுஷா என்னட்ட வந்தாள்.

"மாமி, நீங்கள்தானே எல்லாற்ற மனசையும் சொல்லுவீங்கள். அவர் ஏன் இப்பிடிச் செய்தவர்?"

நான் சொன்னன். கடைக்குக் கடன் இருக்கும், தகப்பன்ர காணியில கண் இருக்கும், வேறயொருத்தி இருப்பாள் எண்டு. சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை வந்திட்டுது. பிள்ளை என்ர மடியில கிடந்து அழுதாள். பிறகு ரெண்டு பேருமா நாடகம் பாத்தனாங்கள். நல்ல ஒரு பின்னேரம்.

ஆனால் அவளுக்கு நான் பழக்கின பழக்கம், காரணம் தேடாமல் விடமாட்டாள். நேற்று வந்தாள். பாயில இருக்கேல்ல.

"மாமி, எனக்கும் வயித்தால போகேல்ல. எனக்கு ஏன் தனியா எடுத்து வச்சனீங்கள்?"

அவள் கனநேரம் என்ர கையையே பாத்தாள்.

"நான் வவுனியாவுக்குப் போனால் உங்களோட இருக்க ஆளில்லை எண்டுதானே? அதைச் சொல்லியிருந்தால் நான் கிழமைக்குக் கிழமை வந்திருப்பன் மாமி."

அதோட போயிட்டாள். இண்டைக்குக் காலமை தாயும் தகப்பனுமா அவளைக் கூட்டிக்கொண்டு ஆசுபத்திரிக்கு, மாப்பிள்ளை வீட்டாற்ற காலில விழப் போயிட்டினம். கலியாணம் நடக்குமெண்டுதான் நினைக்கிறன். என்னைக் கூப்பிடமாட்டினம்.

குளிசை போட்டது நான். தெரிஞ்சு போட்டனான். பால் எண்டு நீங்கள் எழுதினால் அது பிழையான முடிவு. பிழையான முடிவை என்னால தாங்கேலாது. ஆனால் தனுஷா சொன்ன காரணத்தை எழுதாதேங்கோ. இவ்வளவு காலம் பக்கத்தில இருத்திச் சொல்லிக் குடுத்தும், பிள்ளைக்கு மனுசற்ற மனசு விளங்கேல்ல. நான் அவளின்ர நன்மைக்குத்தான் செய்தனான்.

கையெழுத்து எங்க வைக்கிறது? சரி. அவசரமில்லாட்டில் கொஞ்சம் இருங்கோ, தம்பி. நாடகம் துவங்கப் போகுது. புதுசா ஒரு டொக்டர் வந்திருக்கிறான், அவனில எனக்குச் சந்தேகம். நீங்கள் பெரிசா ஒண்டும் செய்யவேண்டாம். பக்கத்தில இருந்து ஏன் எண்டு ஒருக்காக் கேட்டால் காணும்.