விருந்துக்கு வந்திருக்கு

— கையப் பிடிக்காதண்ணே, விடு. இந்தக் கோர்ட்டு வாசல்லயேதான் நிப்பேன். நாலு பேரு பாத்தா பாக்கட்டும்.

— மெல்லப் பேசுத்தா மகேசு. வக்கீலு வெளிய வரட்டும், கேட்டுக்கிருவோம்.

— இனி என்னத்தக் கேக்க? ஜட்ஜம்மாதான் தெளிவாச் சொல்லிட்டாகளே. புள்ள யாருகிட்ட இருக்கணுங்கிற கேஸ, அது வழக்கமா எந்த ஊர்ல இருக்கோ அந்த ஊர்க் கோர்ட்டுதான் விசாரிக்கணுமாம். எம்மக தமிழ்மதி சூரத்துப் புள்ளயாம். நம்ம அய்யலூருக்குச் சும்மா விருந்துக்கு வந்திருக்காம். திண்டுக்கல் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லையாம். அவ அப்பன் அங்க போட்டிருக்க கேஸுல போயி நான் பதில் சொல்லணுமாம்.

— எல்லாம் ஒம் புருசன் விக்னேஷ்குமாரு பண்ணின வேலத்தா. அவன் வச்ச வக்கீலு...

— அந்தாள இழுக்காத. போன வாய்தாவுல கூண்டுல ஏறி நின்னு, ‘என் தங்கச்சி திருவிழாவுக்கு வந்திருக்குங்கம்மா, முடிஞ்சதும் போயிரும்’னு சொன்னது யாரு?

— வாய் தவறி வந்துருச்சுத்தா.

— ரெண்டு வருசமாவா தவறும்? டீக்கடையில கேட்டா விருந்துக்கு வந்திருக்கு. ஆட்டுச் சந்தையில கேட்டா விருந்துக்கு வந்திருக்கு. எந்த ஊர்லண்ணே ரெண்டு வருசம் விருந்து போடுறாக?

— பின்ன என்னத்தா சொல்லச் சொல்ற? புருசன் அடிச்சு வெரட்டிட்டான், தங்கச்சி வாழாவெட்டியா வந்து உக்காந்திருக்குன்னு தண்டோராப் போடவா?

— போட்டிருக்கணும்! அடிச்சவன் அங்க நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரியிறான். நீ எதுக்கு ஒளியிற? புள்ளயப் பள்ளிக்கூடத்துல சேத்தியா? சேத்தா ஊருக்குத் தெரிஞ்சிரும்னு ஹெட்மாஸ்டர் ராயப்பராஜ் சாரக் கெஞ்சி, ரிஜிஸ்டர்ல பேரே இல்லாம கடைசி பெஞ்சுல உக்கார வச்ச. அட்டெண்டன்ஸ் எடுக்கையில அவ பேர மட்டும் கூப்பிட மாட்டாக. ‘அம்மா, நான் இங்க இல்லையா’ன்னு ஒருநா அழுதுக்கிட்டே கேட்டா. இன்னிக்கு ஜட்ஜம்மாவும் அதையேதான் எழுதிட்டாக.

— நான் கேடு நெனச்சா செஞ்சேன்?

— இல்ல. அதான் ஆத்திரமா வருது. கேடு நெனச்சவன்னா ஒன் மூஞ்சியிலயே முழிக்காமப் போயிருப்பேன்.

— உண்மையச் சொல்லணும்னுதான் ஏறினேன் மகேசு. வக்கீலு சொல்லிக் குடுத்தது அம்புட்டும் மனப்பாடம். நிமிந்து பாத்தா, பின்னாடி பெஞ்சுல நம்ம தெரு சிவனம்மா அத்த. அது மக ஜீவிதாவோட ஜீவனாம்சக் கேஸுக்கு வந்திருந்துச்சு. அதப் பாத்ததும் நாக்கு தன்னால பழைய பாட்டையே பாடிருச்சுத்தா.

— ஒத்தப் பொம்பளைக்குப் பயந்து எம்புள்ளையத் தூக்கிக் குடுத்துட்டியேண்ணே. சூரத்து என்ன வத்தலக்குண்டா, பஸ்ஸேறி மத்தியானம் திரும்பி வர? அந்தூரு பாஷ எனக்குத் தக்காளி வாங்குற அளவுக்குத்தான் தெரியும். ஒரு வாய்தாவுக்குப் போகாட்டி புள்ளைய அவங்கிட்டயே குடுத்துருவாக.

— மதுரையில அப்பீல் போடுவோம்.

— அங்கயும் நீதான் சாட்சியா?

— செத்த சும்மாருத்தா. அந்தா, சிவனம்மா அத்ததான் வருது. கண்ணத் தொடச்சுக்க.

— தொடைக்க மாட்டேன்.

— ஏப்பா நல்லுசாமி, என்ன அண்ணனும் தங்கச்சியும் வேகாத வெயில்ல நிக்கிறீக?

— ஒண்ணுமில்லத்த. தங்கச்சி விருந்துக்கு வந்திருக்குல்ல, டவுனச் சுத்திக் காட்டலாம்னு...

— அண்ணே!

— விடு மகேசு, அவன ஏசாத. ஏப்பா, நீ அன்னிக்குக் கூண்டுல சொன்னதையும் கேட்டுக்கிட்டுத்தானப்பா உக்காந்திருந்தேன். இவ வீங்கின மூஞ்சியோட, புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு பஸ்ஸ விட்டு எறங்கின அன்னிக்கே ஊருக்கெல்லாம் தெரியும். நீ தலகுனியக் கூடாதுன்னுதான், நீ விருந்துன்னு சொல்லச் சொல்ல நாங்களும் தலையாட்டிக்கிட்டே போனோம். ஒரு வார்த்த கூப்பிட்டிருந்தா ஊரே வந்து சாட்சி சொல்லியிருக்கும்லப்பா.