இருபத்தேழாம் கிணறு

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை இராசேஸ்வரி ஆன்டி எப்போதும் எனக்குத்தான் விட்டுக்கொடுப்பார். "மலருக்கு மூளை வேலை செய்யணும் லா, காத்து வரட்டும்," என்பார். அவர் ரிட்டயர் ஆன கணக்கு டீச்சர். கிணற்றுத் தண்ணீர்க் கணக்கைத் திரட்டும் எங்கள் குழுவில் எட்டுப் பேர். பதினாறு வயதில் நான்தான் கடைக்குட்டி.

எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

பந்திங் சாலையில் பழைய பேட்டரிகளை உருக்கும் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. சுற்றிலும் கம்பங்கள் என்கிற சிற்றூர்கள், நூற்றுக்கு மேல் கிணறுகள். தொண்ணூற்று இரண்டாம் வருடம் அரசாங்க ஆட்கள் வந்து எல்லாக் கிணற்றிலும் தண்ணீர் எடுத்துப் போனார்கள். எதில் எவ்வளவு ஈயம் என்று ஒரு பதிவேட்டில் எழுதினார்கள். ஐம்பதுக்கு மேல் இருந்தால் குடிக்கக் கூடாது. அதைக் குடிக்கிறவர்களிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

அந்தப் பதிவேடு கிள்ளான் அரசாங்க அலுவலகத்தில் இருந்தது. அங்கே கௌண்டரில் இருந்த இராமலிங்கம் அங்கிள் நல்ல மனிதர்தான். "பப்ளிக் ஃபைல்தாம்மா. வந்து பாருங்க, யாரு வேணான்னா? எழுதத்தான் கூடாது. பேனா, பேப்பர் எல்லாம் இங்க வெச்சிட்டுப் போங்க," என்பார்.

ஆகவே மனப்பாடம் செய்தோம். சனிக்கிழமை அரைநாள் அலுவலகம். இருப்பது ஒரே பதிவேடு. ஆளுக்குப் பத்து நிமிடம் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, வாய்க்குள் முணுமுணுத்தபடியே ரோட்டைக் கடந்து நசீருதீன் அங்கிளின் டீ ஸ்டாலுக்கு வருவோம். அங்கே ஆன்டி நோட்டோடு உட்கார்ந்திருப்பார். ஒரே வரிகளை இரண்டு பேர் பார்க்க வேண்டும். இருவர் சொல்வதும் ஒத்துப்போனால்தான் ஆன்டி எழுதுவார்.

எனக்கு மட்டும் ஜோடி கிடையாது. நான் தேவாரப் போட்டியில் இரண்டு வருடம் முதல் பரிசு வாங்கியவள். எண்களையும் பதிகம் போல ராகம் போட்டு வைத்துக்கொள்வேன். ஆரம்பத்தில் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அதோடு விட்டுவிட்டார்கள்.

"இது பொண்ணா, போட்டோஸ்டேட் மிஷினா?" என்று நசீருதீன் அங்கிள் கேட்பார். "இந்த மிஷினுக்குத் தே தாரிக் ஃப்ரீ."

அந்தச் சனிக்கிழமை கடைசியாக உள்ளே போனது நான். என் பங்கு பத்தொன்பதிலிருந்து இருபத்தேழு வரை. இருபத்தாறை முடிக்கும்போது அலுவலகம் மூடும் நேரமாகிவிட்டது. இராமலிங்கம் அங்கிள் பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்தார்.

ஸ்டாலில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். "ம், இருபத்தேழு?" என்றார் ஆன்டி. பேனா காத்திருந்தது. ஏழு பேரும் என் வாயையே பார்த்தார்கள். பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். யாரும் திட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் ராகம் முடிய அங்கே ஒரு சொல் தேவைப்பட்டது.

"பதினெட்டு," என்றேன்.

அடுத்த சனிக்கிழமை முதல் வேலையாக அந்த வரியைத்தான் பார்த்தேன். இருநூற்றுப் பதினாறு. ஆன்டியிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதற்குள் முதல் நாற்பது கிணறுகளின் பட்டியலை அறுநூறு பிரதி சைக்ளோஸ்டைல் எடுத்து, கோயில் சுவர், சூராவ் தொழுகைக்கூட வாசல், மளிகைக்கடை என்று எல்லா இடத்திலும் ஒட்டியாகிவிட்டது. தொழிற்சாலை ஆட்கள் கம்பத்துக்கு வந்து, எல்லாம் கட்டுக்கதை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஆன்டி சொன்னார்: "ஒரு நம்பர் தப்பாப் போனாப் போதும்மா, நாப்பதும் பொய்னு தூக்கிப் போட்ருவாங்க. நம்ம கையில சீல் இருக்கா, காயிதம் இருக்கா? நம்ம ஞாபகம் ஒண்ணுதான் இருக்கு."

அதை நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். முப்பத்தொன்பது எண்கள் சரி. அந்த முப்பத்தொன்பது வீட்டையும் ஒரு கிணற்றுக்காகக் கைவிடுவது நியாயமாகப் படவில்லை. என் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

இருபத்தேழாம் கிணறு லோரி டிரைவர் ஜெயராஜ் வீட்டினுடையது. அவர் மனைவி நல்லம்மாள் அக்கா யாரையும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர். பட்டியலில் தங்கள் கிணறு கெட்டது என்று பார்த்தவர்கள், நல்ல கிணற்றைத் தேடி அவர் வீட்டுக்கு வாளியோடு வந்தார்கள். இது நான் எதிர்பார்க்காதது. மாதக் கடைசிக்குள் பதினோரு வீடுகள். அக்கா கிணற்றுச் சுவரில் வெள்ளைப் பெயிண்டால் பதினெட்டு என்று பெரிதாக எழுதி வைத்திருந்தார்.

ஒருமுறை நாங்கள் எல்லோரும் போனபோது ரோஸ் சிரப் கலக்கிக் கொடுத்தார். எனக்குத் தாகமில்லை என்றேன்.

"ஏம்மா, டயட்டா? காத்தடிச்சா பறந்துருவ லா," என்று கேலி செய்தார். ஆன்டி இரண்டு கிளாஸ் குடித்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படியே ஏழு மாதம் போனது. பிறகு அக்காவின் மகன் வாசுவுக்கு வயிற்றுவலி வந்தது. நாலு வயது. பேசிக்கொண்டிருந்த சொற்கள் ஒவ்வொன்றாக அவனிடமிருந்து போயின. ஒருநாள் கைகால் வெட்டி இழுத்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

"எதுக்கும் இருபத்தேழ இன்னொரு தடவ பாத்துருவோம்," என்றார் ஆன்டி. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மிஷின அனுப்புங்க," என்றார் நசீருதீன் அங்கிள். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

உள்ளே போனேன். பதிவேட்டைத் திறந்தேன். இருநூற்றுப் பதினாறு, நீல மையில், அப்படியே இருந்தது. பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றுவிட்டு ரோட்டைக் கடந்து வந்தேன்.

"பதினெட்டுதான் ஆன்டி."

அவர் மூச்சை விட்டார். "அப்ப தண்ணி இல்ல. முருகா, நல்ல வேள."

அன்று உண்மையைச் சொல்லியிருந்தாலும் குடித்த ஏழு மாதம் திரும்பி வராது. என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்திருப்பார்கள். பட்டியலும் போயிருக்கும். யாருக்கு என்ன லாபம்?

நேற்றுச் சாயங்காலம் வாசுவைப் பார்க்கப் போனேன். நல்லம்மாள் அக்கா வீட்டிலிருந்து ஒரு பெரிய போத்தலில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார்.

"இங்கத்த தண்ணி மருந்து வாட அடிக்குது, வாயில வெக்க மாட்டேங்கறான். நம்ம கெணத்துத் தண்ணின்னா குடிப்பான்," என்றார். "மலரு, அவன் தலைய கொஞ்சம் தூக்கிப் பிடிம்மா."

பிடித்தேன். முடியெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. கழுத்து நிற்கவில்லை. அக்கா கிளாஸை அவன் உதட்டில் வைத்தார். அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் குடித்தான். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ரெண்டு நாளா ஒண்ணும் எறங்கல. ஒன் கைராசிம்மா," என்று என் கன்னத்தைத் தொட்டார்.

நான் கவனமாகத்தான் பிடித்திருந்தேன். ஒரு சொட்டுகூட அவன் மேல் சிந்தவில்லை.