எந்த விரலுக்கும் திறக்கும்

"என் போனை எப்படித் தொறந்தீக?"

"தொறந்துச்சு, தொறந்தேன். புருசன் பாக்கக் கூடாதது அம்புட்டு என்னடி இருக்கு அதுல?"

பக்கத்து வீட்டுச் சண்டையை நான் ஒட்டுக்கேட்கவில்லை, சார். ஒரே சுவர். அங்கே கத்தினால் என் செல்போன் கடைக்குள்தான் வந்து விழும். நாகமலை புதுக்கோட்டைக்கே தெரியும், இந்தப் பாண்டியம்மாள் வம்புக்குப் போகமாட்டாள் என்று.

அதற்கு முந்தின வாரம்தான் அந்த வீட்டுத் தமிழ்ச்செல்வி போன் திரைக்குக் கவர் ஒட்ட வந்தாள். ஒட்டிவிட்டு, "விரலை மறுபடி பதிஞ்சுக்க ஆத்தா" என்றேன். பதிந்தாள். அவள் தண்ணீர் குடிக்கத் திரும்பியபோது, குமிழி இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன். என் விரலுக்கும் திறந்தது. மலிவுக் கவர். போன் அவள் விரலை விட்டுவிட்டுக் கவரைப் பதிந்துகொண்டது. இனி யார் தொட்டாலும் அதற்கு அவள்தான்.

சொல்லியிருக்கலாம். ஆனால் திறந்து கிடப்பதைப் பார்க்காமல் மூட எனக்கு வராது. திருவாதவூரில் இருக்கிற தன் சிநேகிதி ஹுமாவுக்குத் தமிழ்ச்செல்வி எழுதியிருந்தாள்: "வியாழக்கிழமை வந்துருவேன். இனிமே அடி வாங்க ஒடம்புல எடமில்ல."

நாலு நாள் கழித்து அவள் புருசன் ஜெயபாண்டித் தம்பி ரீசார்ஜுக்கு வந்தது. "என்னக்கா, எங்க வீட்ல ஒரு மாதிரி இருக்கா?" என்று கேட்டது.

"அவ போன் ஒன் விரலுக்கும் தொறக்கும் தம்பி, வச்சுப் பாரு" என்றேன், சும்மா சிரிப்புக்கு. படித்ததைச் சொல்லவில்லை. குடும்பத்தைப் பிரிக்கிற பழக்கம் எனக்கில்லை.

சண்டை புதன்கிழமை சாயங்காலம். "பாண்டியம்மாக்கா!" என்று இரண்டு தடவை சுவரைத் தட்டினாள். கடை ஸ்பீக்கரில் பாட்டைக் கூட்டி வைத்தேன். காதில் விழுந்தால் சாட்சிக்குக் கூப்பிடுவீர்களே.

கொல்லைக் கிணற்றில் தவறி விழுந்து செத்தாள் என்று உங்கள் ஸ்டேஷனில் எழுதினார்கள். "ஆமா, அங்கன வழுக்கும்" என்று நானும் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் போனை விற்றுத் தரச் சொல்லி என்னிடமே கொடுத்தது தம்பி. விற்கவில்லை. சார்ஜ் இறங்கவும் விடவில்லை. விரல் வைத்தால் இன்றைக்கும் திறக்கிறது. ஹுமாவின் கடைசிச் செய்தி அப்படியே நிற்கிறது: "பஸ் ஏறிட்டியா?"

ஹுமா கல்யாணமாகித் திருமங்கலம் போய்விட்டாள். ஜெயபாண்டியும் ஆவணியில் மறுபடி கட்டிக்கொண்டது. புதுப்பெண் சுபலட்சுமி போன வாரம் கவர் ஒட்ட வந்தாள். அதே கவர்தான் கையிருப்பு. அவளும் தன் போனில், கிளம்ப ஒரு கிழமை குறித்து வைத்திருக்கிறாள்.

இந்தத் தடவை நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை, சார். ஸ்பீக்கரை மட்டும் சுவரோரமாக நகர்த்தி வைத்திருக்கிறேன்.