வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

தலைப்பிரட்டை வளர்ப்பதில் பெரிய சிரமம் ஒன்றும் இல்லை, சார். அவித்த கீரையைக் கிள்ளிப் போட்டால் தின்றுவிட்டுச் சமர்த்தாக இருக்கும். சம்பந்தம் அதற்குக்கூட அரைக்கீரையா சிறுகீரையா என்று யோசித்து, கடைசிவரை ஒரே கீரையைத்தான் போட்டான். அவ்வளவு ஒழுங்கு. விலங்கியல் வகுப்பில் நாங்கள் எல்லோரும் பரீட்சைக்குப் படித்தோம். அவன் ஒருவன்தான் தவளைக்காகப் படித்தான்.

துறைத்தலைவர் என்ற முறையில் நீங்கள் கேட்கிறீர்கள், நானும் மறைக்காமல் சொல்கிறேன். எங்கள் இருவரில் யாருடைய கட்டுரை நன்றாக வருகிறதோ அவருக்குத்தான் சென்னையில் ஆராய்ச்சி மாணவர் இடம் என்று போன ஜூலையிலேயே சொல்லிவிட்டீர்கள். அது சம்பந்தத்துக்குத்தான் போகும் என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதில் எனக்கு வருத்தம் ஏதும் இருக்கவில்லை.

அவன் எடுத்துக்கொண்ட கேள்வி, தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு கலக்கும் கால்வாய்த் தண்ணீரில் தலைப்பிரட்டை பிழைக்குமா என்பது. ஆளோ குடியாத்தத்து நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. தறிச் சத்தத்தில் தூங்கியவனுக்குத் தோல் ஷாப்பைப் பற்றி என்ன தெரியும்? நான் தோல் ஷாப்புகள் நிறைந்த ஆம்பூரிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவன். அதனால் தண்ணீர் மொண்டு வரும் வேலை என் தலையில் விழுந்தது.

"உனக்கு எந்தக் கிழமைடா தோது?" என்று கேட்டான்.

"வெள்ளிக்கிழம. அன்னைக்கு ரயில்ல கூட்டம் கம்மி" என்றேன்.

கூட்டம் கம்மிதான், சார். ஏன் கம்மி என்று அவன் கேட்கவில்லை. எங்கள் பக்கத்துத் தோல் ஷாப்புகளுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. முதலாளிகளும் ஆட்களில் பாதிப் பேரும் ஜும்மா தொழுகைக்குப் போகிறவர்கள். அன்றைக்குத் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியைத் திறந்துவிட மாட்டார்கள், தோல் பதனிட்ட பட்டைத் தண்ணீரும் வராது. கால்வாயில் ஓடுவது கிணற்றடியில் இறைத்துக் கொட்டிய தண்ணீர்தான். எங்கள் வீட்டில் தெருப்பக்க ஜன்னலைத் திறந்து வைப்பதே வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான்.

பரிசோதனையில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் மாறாமல் இருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லிக் கொடுத்தீர்கள். சம்பந்தம் அதை வேதமாக எடுத்துக்கொண்டான். ஒரே இடம், ஒரே பாத்திரம், ஒரே கிழமை. நான் ஏதாவது ஒரு வாரம் செவ்வாயில் கொண்டு வந்திருந்தால் கொட்டச் சொல்லியிருப்பான். வாரா வாரம் வெள்ளிக்கிழமைத் தண்ணீரில் தலைப்பிரட்டைகள் கொழுகொழுவென்று வளர்ந்தன, அவற்றுக்குக் கால் முளைத்தது. ஒன்று தாவிப் போய் அட்டெண்டர் சர்தார் பாஷாவின் தொப்பியில் உட்கார்ந்துகொண்டது. அவர் அதோடு போய் உங்கள் அறைக் கதவைத் தட்டியது உங்களுக்கே நினைவிருக்கும்.

தீபாவளி விடுமுறைக்கு என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனான். அவன் அம்மா கமலவேணி எனக்குத்தான் முதலில் இலை போட்டார். சாப்பிடும்போது சம்பந்தம் கேட்டான்.

"இன்னாடா கனகராஜ், ஒண்ணுகூட சாவலியே. வெள்ளிக்கிழமையில அங்க வேல நடக்குதா?"

"தோல் ஷாப்புக்கு ஓய்வு ஏதுடா? குழியில தோலு ஊறிக்கினேதான இருக்கும்" என்றேன்.

ஊறிக்கொண்டுதான் இருக்கும். விடுமுறை என்று தோல் ஊறாமல் இருக்குமா? அந்தப் பதிலில் பொய் என்று ஒரு சொல்லைக் காட்டுங்கள் பார்க்கலாம். அவன் நிம்மதியாக இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டான். அவன் அம்மா எனக்கும் போட்டார்.

கட்டுரையில் அவன் "வெள்ளிக்கிழமைதோறும் எடுத்த நீர்" என்றே எழுதியிருந்தான். அதைத் திருத்தியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விஞ்ஞானக் கட்டுரையில் வீண் சொல் கூடாது என்று சிவப்பு மையால் அடித்துவிட்டு, "வாரம் ஒரு முறை" என்று மேலே எழுதினீர்கள். நீங்களும் வெள்ளிக்கிழமை மதியம் மசூதிக்குப் போகிறவர்தான். எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. ஆனால் உங்களுக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

பிறகு ஜனவரியில் சென்னையிலிருந்து பேராசிரியர் வந்தார், எல்லோர் முன்னாலும் செய்து காட்டச் சொன்னீர்கள். தோல் ஷாப்பு முதலாளி அப்துல் வஹாப் சாயபுவையும் அழைத்து, மாலை போட்டு முன் வரிசையில் உட்கார வைத்தீர்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. "என் தண்ணியில தவள வளருதுன்னு காலேஜே சொல்லுது, ஜியாவுல்லா சாப். இனிமே முனிசிபாலிட்டிக்காரன் பேஜார் பண்ணட்டும், பார்த்துக்கறேன்" என்று உங்களிடமே சொன்னார்.

அன்று புதன்கிழமை. அந்த நாளைக் குறித்தது நீங்கள். நான் வழக்கமான இடத்தில், வழக்கமான கேனில் மொண்டு வந்தேன்.

சம்பந்தம் தலைப்பிரட்டைகளை விட்டான். அவை ஒரு சுற்றுச் சுற்றின, அப்புறம் ஒவ்வொன்றாக வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. வேறு ஜாடியில் விட்டுப் பார்த்தான். அதிலும் அப்படியே. பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். வஹாப் சாயபு மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சம்பந்தம் என்னைப் பார்த்து, "தண்ணி எங்கடா மொண்ட?" என்று மெதுவாகக் கேட்டான். "அதே கால்வாய்தான்டா" என்றேன். அப்போது அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு மனசு குளிர்ந்தது. அதை ஒளிப்பதற்கில்லை.

எண்களை வீட்டில் உட்கார்ந்து எழுதியவன் என்று சென்னைப் பேராசிரியர் அவன் பெயரை அடித்துவிட்டார். அவன் மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு குடியாத்தம் போய்விட்டான். இப்போது அப்பாவோடு லுங்கி நெய்கிறானாம். நல்ல தொழில்தான்.

அடுத்த மாதம் என் கட்டுரையைப் படித்தேன். புதன்கிழமைத் தண்ணீர் ஒரு ஜாடி, வெள்ளிக்கிழமைத் தண்ணீர் ஒரு ஜாடி. மாதிரி எடுக்கும் கிழமையைக் கவனிக்காவிட்டால் நேர்மையான ஆராய்ச்சியாளனும் தவறுவான் என்பது என் முடிவு. சபையில் கைதட்டல் அடங்கவில்லை. சென்னை இடத்தையும் எனக்கே கொடுத்தீர்கள்.

இப்போது நீங்கள் கண்டுபிடித்தது, என் புதன்கிழமை எண்கள் 1957 அக்டோபரிலேயே, சம்பந்தம் செய்து காட்டியதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்குகின்றன என்பதை. தேதியை மாற்றிப் போட்டிருக்கலாம். ஆனால் தேதியைத் திருத்துவது மோசடி என்று வகுப்பில் சொல்லியிருக்கிறீர்களே. நான் மோசடி செய்கிறவன் அல்ல.

திட்டமிட்டாயா என்கிறீர்கள். ஆமாம், எந்தக் கிழமை தோது என்று அவன் கேட்ட நிமிஷத்திலிருந்தே. கெட்டிக்காரன் ஒருவன் நண்பனை நம்பி எதுவரை போவான் என்று பார்க்க ஆசைப்பட்டேன். தலைப்பிரட்டைகளை அவன் கவனித்தான், அவனை நான் கவனித்தேன். பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். ஆராய்ச்சி ஆர்வம், அவ்வளவுதான்.

இன்னொன்றும் கேட்டீர்கள். சம்பந்தம் தன் கட்டுரையின் கடைசியில் நன்றி என்று போட்டு, என் பெயரை மட்டும் எழுதியிருந்தான். என் கட்டுரையில் நன்றி என்ற பகுதியே ஏன் இல்லை என்கிறீர்கள். நானும் எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன், சார். எனக்கு யாரும் உதவி செய்யவில்லை.