இல்லத்துக்கு வந்த தூக்கும் மிஷின்

திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் மாதா கோயிலுக்குக் காலைப் பூசை காணப் போய்க்கொண்டிருந்தேன். பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஆயா வேலைக்கான வெள்ளைச் சேலை கட்டியிருந்தவள் சொன்னாள்:

"நேத்து ஒரு மனுசனக் கொக்கியில மாட்டித் தூக்குனேன்க்கா."

"இன்னாடி சொல்ற?"

"எங்க முதியோர் இல்லத்துக்குக் கப்பல்ல ஒரு மிஷின் வந்துகீது. நடக்க முடியாதவங்களத் துணியில உக்கார வெச்சு, கைப்பிடிய அடிச்சா மேல தூக்கும். இனிமே கையால தூக்கக்கூடாதுன்னு இல்லத்த நடத்துற மதரு சொல்லிட்டாங்க."

"நல்லதுதானே? உன் இடுப்பு தப்பிச்சுது."

"முழுசாக் கேளுக்கா. ஹார்பர்ல வேல செஞ்ச தாத்தா ஒருத்தரு கீறாரு. மொதல்ல அவரத்தான் ஏத்துனேன். அந்தரத்துல தொங்கிக்கினு ‘ஆரியா, ஆரியா’ன்னு கத்துனாரு. அவரு பொண்ணு பேரு போலன்னு நெனச்சு, ‘வந்துடுவா தாத்தா’ன்னு சொல்லிக்கினே கைப்பிடிய இன்னும் அடிச்சு மேல தூக்குனேன்."

மற்றவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! என் வூட்டுக்காரரு ஹார்பர்ல கிரேனாண்ட தெனம் கத்துறதாச்சே. ஆரியான்னா கீழ எறக்குன்னு அர்த்தம்டி!"

வெள்ளைச் சேலைக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அழுகிற குரலில் கேட்டாள்:

"நேத்துலேர்ந்து அவரு பேசவே இல்லக்கா. இப்பப் போனதும் குளிக்க அவரத்தான் தூக்கணும். கத்தாம தொங்குனா, பயப்படுறாருன்னு எனக்கு எப்டிக்கா தெரியும்?"

பெயர் தெரியாத அந்தப் பெரியவருக்காக மாதாவிடம் நான் வேண்டத் தொடங்கினேன்.