பதினான்காம் தூணின் மூக்குக்கண்ணாடி

வாளியும் உருளையுமாய் வந்து, வெயிலிலும் மழையிலும் வீதியே கதியென நின்று, முப்பத்திரண்டு ஆண்டுகள் முகம் சுளிக்காமல் உழைத்து, இன்று பணிநிறைவு பெறும் சுவர்த் துப்புரவுப் பிரிவின் மேற்பார்வையாளர் அவர்களே! ஏறுகிறவன் யாரென்று பாராமல் ஏணியின் காலை ஓடிவந்து பிடிக்கும் எங்கள் காவலரே! நகரத்துப் பிள்ளைகள் ‘சாம்பல் மாமா’ என்று செல்லமாகவும், பல சமயம் செல்லமில்லாமலும் அழைத்த எங்கள் அண்ணனே! வணக்கம்.

புகழ்ந்தால் உங்களுக்குப் பிடிக்காது. இன்று ஒருநாள் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சுவர்க் கிறுக்கல்களை மறைக்க, மிச்சம் மீதி பெயின்ட்டையெல்லாம் ஒரே பீப்பாயில் கொட்டி நீங்கள் கலக்கிய சாம்பல் நிறம் எந்தக் கடையிலும் கிடைக்காது. அடுத்த வாரம் நமக்கே கிடைக்காது. அதனால் ஊரிலுள்ள சுவரெல்லாம் ஒட்டுப்போட்ட சட்டைபோல நின்றதும், நீங்கள் அசராமல் அடுத்த பீப்பாயைக் கலக்கியதும் எங்கள் கண்ணுக்குள்ளேயே நிற்கின்றன.

நூறே நாளில் நகரத்துச் சுவர்களில் ஒரு கோடுகூட இருக்கக் கூடாது என்று உத்தரவு வந்த அந்த ஆண்டை மறக்க முடியுமா? அந்த வேகத்தில், ‘சுவர்களைக் காப்போம்’ என்று நிர்வாகமே வரைந்து வைத்திருந்த ஓவியத்தையும் சேர்த்து மெழுகித் தொலைத்தோம். மேலதிகாரி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தபோது, “பசங்க மேல தப்பு இல்ல சார், நான்தான் அழிக்கச் சொன்னேன்” என்றீர்கள். சம்பவத்தன்று நீங்கள் விடுப்பில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை, நாங்களும் வாய் திறக்கவில்லை.

அழிக்கும் ஒவ்வொரு சுவருக்கும் ஒரு படிவம் உண்டல்லவா? ‘அழிக்கப்பட்டதன் விவரம்’ என்ற கட்டத்தில் மற்றப் பிரிவினர் ‘கிறுக்கல்’ என்று எழுதி வேலையை முடித்துக்கொள்வார்கள். நீங்களோ, ‘மஞ்சள் குடை, கீழே இருவர், ஒருவர் நனைகிறார்’ என்று எழுதுவீர்கள். எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்டோம். “வரைஞ்சவன் மெனக்கெட்டிருக்கான்ல. எதை அழிச்சோம்னாவது நமக்குத் தெரியணும்” என்றீர்கள்.

அந்த நூறு நாளுக்குள்தான் மேம்பாலத்தின் பதினான்காம் தூணின் முறையும் வந்தது. தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருந்த ஒரு பெண்ணின் ஓவியத்தை அதில் கண்டதும் எங்கள் கைகள் ஓடவில்லை. அண்ணியைத் தெரியாதவர் நம்மில் யார்? அவர் தைத்துத் தந்த சட்டைகளைத்தானே அன்றும் போட்டிருந்தோம். அவர் மறைந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. வரைந்தது உங்கள் மகள் என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

“இதை விட்டுருவோம்ணே. வண்டியை முன்னால நிறுத்தினா யாருக்கும் தெரியாது” என்றார் ஏணி தூக்கிவரும் நம் ஏணிக்காரர்.

“ஊர்ப் பிள்ளைங்க வரைஞ்சதை எல்லாம் அழிச்சோம். என் பிள்ளைக்கு மட்டும் தனிச் சட்டமா?” என்று உருளையை நீங்களே எடுத்தீர்கள். எங்களில் ஒருவரையும் தொடவிடவில்லை.

அன்று மாலை வீட்டைவிட்டுப் போன மகள் பதினோரு ஆண்டுகள் உங்களோடு பேசவில்லை. நீங்களும் அதைப் பற்றி மூச்சுவிட்டதில்லை. ஆனால் மதிய இடைவேளையில் கைப்பேசியை எடுத்துப் பார்ப்பதும், பிறகு மேசையில் கவிழ்த்து வைப்பதும் எங்களுக்குத் தெரியாதா?

போன மாதம் பழைய படிவங்களைக் கழித்துக்கட்டச் சொல்லி உத்தரவு வந்தபோது, ஏணிக்காரர் கையில் அந்தத் தூணின் படிவம் சிக்கியது. கட்டம் போதாமல் பின்பக்கம் முழுவதும் எழுதியிருந்தீர்கள். உங்களைக் கேட்காமல் பிரதி எடுத்து மகளுக்கு அனுப்பினோம். தப்புதான். ஆனால் நாளை முதல் எங்கள்மேல் நடவடிக்கை எடுக்க உங்களுக்கு அதிகாரம் கிடையாது.

மூன்றாம் நாள் மகள் ஏணிக்காரரைத் தொலைபேசியில் அழைத்தார்.

“சித்தப்பா, அம்மா மூக்குக்கண்ணாடியை நெத்தி மேல ஏத்தி விட்டிருந்தாங்கன்னு அப்பா எழுதியிருக்காரு. நான் கண்ணாடியே வரையலையே” என்றார். பிறகு, “ஊசியில நூல் கோக்கும்போது அம்மா அப்படித்தான் ஏத்தி விடுவாங்க. எனக்கு அது மறந்தே போச்சு” என்று அழுதுவிட்டார்.

முப்பத்திரண்டு ஆண்டுகளில் நீங்கள் எழுதியவற்றில் பிழையுள்ள படிவம் அது ஒன்றுதான் அண்ணே. சுவரில் இல்லாத ஒன்றை அழித்ததாக எழுதிவிட்டீர்கள்.

நமது கிடங்கின் பின்சுவரில் வரைவதற்கு முறைப்படி அனுமதி வாங்கியிருக்கிறோம். கையொப்பம், முத்திரை எல்லாம் உண்டு, சந்தேகமிருந்தால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மூன்று நாளாக உங்களை அந்தப் பக்கம் போகவிடாமல் தடுக்க நாங்கள் படாத பாடு பட்டோம். அண்ணி அங்கே ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கிறார், கண்ணாடி நெற்றிமேல் இருக்கிறது.

நோய்நொடி அண்டாமல், நிம்மதி குன்றாமல், நூறாண்டும் அதற்கு மேலும் நீங்கள் வாழ வேண்டும். அதை நாங்கள் கூட இருந்து பார்க்க வேண்டும். இப்போது எழுந்து வாருங்கள். இடப்பக்க மூலை இன்னும் காயவில்லை, தொட்டுவிட வேண்டாம். வேலை முடியாமல் மகள் ஏணி மேல்தான் நிற்கிறார். ஏணியின் காலை நீங்கள் வந்து பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிழலில் வளர்ந்த,
சுவர்த் துப்புரவுப் பிரிவு ஊழியர்கள்
(ஏணியை மூன்று நாள் இரவல் கொடுத்த ஏணிக்காரர் உட்பட)